பனிக்குகைக் கிருமிக்குப் பயப்படலாமா?

ருமேனியாவின் மலைக்குகை ஒன்றில் 5,000 ஆண்டுகளாகப் பனிக்குள் கிடந்த ஒரு பாக்டீரியாவிடம், இன்று மருத்துவமனைகளில் புழங்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் பத்து தோற்றுப்போயிருக்கின்றன. 2026 பிப்ரவரியில் இந்த ஆய்வு வெளியானதும், ‘பனி உருகினால் பழங்காலக் கிருமிகள் எழுந்து வந்துவிடும்’ என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதில்தான் தெளிவு வேண்டும். பனிக்குள் கிடப்பதைவிட, அதே எதிர்ப்பாற்றல் தழைப்பதற்குத் தொழிற்சாலைக் கழிவிலும் கால்நடைத் தீவனத்திலும் மருத்துவமனைச் சாக்கடையிலும் நாம் இடம் கொடுத்துவருவதே பெரிய செய்தி.

உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2023இல் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட பாக்டீரியத் தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்றுக்கு வழக்கமான ஆன்டிபயாட்டிக் எடுபடவில்லை. இந்தியா இடம்பெறும் தென்கிழக்கு ஆசியப் பகுதியில் அது மூன்றில் ஒன்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் மரணங்களுக்கு மருந்தெதிர்ப்பே நேரடிக் காரணம் என்று ‘லான்செட்’ இதழில் வந்த உலகளாவிய கணக்கீடு சொல்கிறது.

எண்களை விட்டுவிட்டு வீட்டுக் கணக்குக்கு வருவோம். முன்பு சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாள் மாத்திரையில் குணமானவர், இப்போது ஊசி மருந்துக்காக வார்டில் படுக்க வேண்டியிருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, சிசேரியன், புற்றுநோய்க்கான கீமோ என எல்லாமே, தொற்று வந்தால் மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் நடப்பவை. அந்தத் தைரியம்தான் கரைந்துகொண்டிருக்கிறது.

மருந்துக்கு முன்பே மாற்று

ருமேனிய ஆய்வு நடந்த இடம் அபுசெனி மலைத்தொடரிலுள்ள ஸ்கரிஷோவரா பனிக்குகை. அங்கே 25 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பனித்தூண் ஒன்றை எடுத்தார்கள். 13,000 ஆண்டு வரலாறு அதில் அடுக்கடுக்காக உறைந்திருந்தது. 5,000 ஆண்டுப் பழைய அடுக்கில் கிடைத்தது ‘சைக்ரோபாக்டர்’ இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா. அதன் மேல் 28 மருந்துகளைச் சோதித்தபோது பத்துக்கு அது மசியவில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், சர்வசாதாரணமாக எழுதித் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசினும் அந்தப் பத்தில் அடக்கம்.

இது முதல் சான்றும் அல்ல. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணில், வான்கோமைசின் உள்ளிட்ட மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் இருப்பதை மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே காட்டினார்கள். வான்கோமைசின் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது 1958இல்.

மருந்து வருவதற்கு முன்பே அதற்கு மாற்று எப்படி வந்தது? பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளை மனிதர் உண்டாக்கவில்லை, மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டோம். வான்கோமைசினே போர்னியோ தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் சுரப்பது. மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகளாக நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று மருந்தடித்துக் கொன்றுவந்திருக்கின்றன. கொல்லும் வித்தை தோன்றியபோதே தப்பும் வித்தையும் தோன்றிவிட்டது.

ஆகவே, எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்பதில் அதிசயம் இல்லை. காட்டு மண்ணிலும் பனியிலும் சிதறிக்கிடந்த அந்த ஆற்றல், நோய் தரும் கிருமிகளின் கைக்கு எப்படி வந்தது, ஏன் 80 ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதிலில் பாதி எல்லோருக்கும் தெரியும்: கண்டபடி விழுங்கிய மாத்திரை. மறுபாதி உலோகம். அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

குளிர்ச்சி கொல்லாது

முதலில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. இரண்டிலும் உள்ள கொழுப்பின் வகை வேறு. குளிர் தாங்கும் பாக்டீரியாக்கள் தங்கள் மேலுறையின் கொழுப்பை, உறையாத வகையாக மாற்றிக்கொள்கின்றன. அதனால் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலும் உணவை உள்ளே இழுத்துக் கழிவை வெளியே தள்ள முடிகிறது.

இதற்கு ருமேனியாவரை போக வேண்டாம், சமையலறை போதும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் நிதானமாகப் பெருகக்கூடியது லிஸ்டீரியா. கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் கரு கலையலாம். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்தப்பட்ட இறைச்சி வழியாக இது பரவி 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

1998-99இல் அமெரிக்காவில் ஹாட் டாக் இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா வகையை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. குளிர் தாங்கும் அந்தக் கிருமியிடம் இருந்த ஒரு சிறு மரபணு வளையத்தில் காட்மியம் என்ற கன உலோகத்தைத் தாங்கும் திறனும், பென்சல்கோனியம் என்ற கிருமிநாசினியைத் தாங்கும் திறனும் அடுத்தடுத்து இருந்தன. பென்சல்கோனியம் வேறெதுவும் இல்லை. தரை துடைக்கும் திரவங்களிலும் கிருமிநாசினித் தெளிப்புகளிலும் பரவலாகச் சேர்க்கப்படுவதுதான்.

இந்த மரபணு வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். பாக்டீரியா தன் சந்ததிக்கு மட்டுமல்லாமல், பக்கத்தில் இருக்கும் வேற்றினப் பாக்டீரியாவுக்கும் இதைக் கைமாற்றும். ஒரு வளையத்தில் மூன்று திறன்கள் இருந்தால் மூன்றும் சேர்ந்தே போகும். காட்மியம் உள்ள இடத்தில் வளர்ந்த பாக்டீரியா, பார்த்தேயிராத ஒரு மருந்தையும் எதிர்க்கப் பழகியிருப்பது இப்படித்தான். சில நேரங்களில் வளையம்கூடத் தேவையில்லை. உலோகத்தை வெளியே இறைக்கும் பம்ப்பே மருந்தையும் இறைத்துவிடும்.

ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல்…

1993இல் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் சம்மர்ஸ் குழு, குரங்குகளின் பற்களில் பாதரசம் கலந்த அமால்கம் அடைப்பை வைத்துப் பார்த்தது. சில வாரங்களில் அவற்றின் வாயிலும் குடலிலும் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றில் பல, ஆன்டிபயாட்டிக்குகளையும் எதிர்த்தன. ஆய்வுக் காலத்தில் அந்தக் குரங்குகளுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் கொடுக்கப்படவில்லை.

இன்னும் தெளிவான பாடம் டென்மார்க்கின் பண்ணைகளில் கிடைத்தது. கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போட வேண்டும் என்பதற்காக, அங்கே தீவனத்தில் அவோபார்சின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துவந்தார்கள். இது வான்கோமைசினின் நெருங்கிய உறவு. மனிதர்களுக்கான கடைசிக்கட்ட மருந்து கெட்டுப்போகும் என்று பயந்து 1995இல் தடைவிதித்தார்கள்.

கோழிகளில் பலன் உடனே தெரிந்தது. 1995இல் சோதித்த பாக்டீரியாக்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்த எதிர்ப்பு, 2000இல் சுமார் 6 விழுக்காட்டுக்கு இறங்கியது. பன்றிகளில் அப்படி நடக்கவில்லை. தடை வந்து இரண்டாண்டு ஆகியும் எதிர்ப்பு அசையாமல் 20 விழுக்காட்டு அளவிலேயே நின்றது. காரணத்தைத் தேடியபோது, பன்றித் தீவனத்தில் தொடர்ந்து சேர்த்துவந்த டைலோசின் என்ற வேறொரு மருந்து மாட்டிக்கொண்டது. இரண்டு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் ஒரே வளையத்தில் இருந்தன. ஒன்றைத் தடைசெய்தும், மற்றது இரண்டையும் காப்பாற்றியது. 1998இல் டைலோசினும் போனபிறகே எதிர்ப்பு இறங்கியது.

கதை அத்தோடு முடியவில்லை. பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் இருக்கவும் எடை கூடவும் தீவனத்தில் செம்பும் சேர்ப்பார்கள். செம்பைத் தாங்கும் மரபணுவும் அதே கூட்டாளிகளோடு இணைந்திருப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். செம்பு கலந்த தீவனம் கொடுத்தாலே போதும், மருந்தெதிர்ப்புக் கிருமிகள் பெருகுகின்றன என்பதைப் பின்னர் பன்றிக்குட்டிகளிலேயே சோதித்துக் காட்டினார்கள். துத்தநாகமும் இதே வேலையைச் செய்வது தெரியவந்தது. பன்றிக்குட்டிகளுக்கு மருந்தாகத் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் முற்றிலும் நிறுத்திவிட்டது. மண்ணில் துத்தநாகம் சேர்வது ஒரு காரணம். மருந்தெதிர்ப்பு இன்னொரு காரணம்.

ஆன்டிபயாட்டிக்குக்கும் உலோகத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மண்ணில் விழுந்த ஆன்டிபயாட்டிக் நாளடைவில் சிதைந்துவிடும். செம்பும் குரோமியமும் பாதரசமும் தனிமங்கள், அவை சிதைவதில்லை. மருந்துக் கடையைப் பூட்டலாம், ஆற்றுப்படுகையில் படிந்த குரோமியத்தைப் பூட்ட முடியாது. அது இரவும் பகலும், நம் பேரன்கள் காலத்திலும், பாக்டீரியாக்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சென்னையிலிருந்து ஆர்க்டிக்வரை

பனி தானாக நம்மைத் தாக்குவதைக் காட்டிலும், நாம் பனியைத் தாக்குவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டவர் ஒருவரிடம் 2008இல் கண்டறியப்பட்டது ‘என்டிஎம்-1’ மரபணு. கார்பபெனெம் எனப்படும் கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்கவைப்பது அது. 2010இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் அதன் பரவலை விவரித்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரான குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 எனக் கிருமி மாதிரிகளை அந்தக் கட்டுரை பட்டியலிட்டது. அடுத்த ஆண்டே டெல்லியின் குழாய் நீரில் சோதித்த 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரத் தேங்குநீர் 171 மாதிரிகளில் 51இலும் இந்த மரபணு இருந்தது தெரிந்தது. அன்று நம் அரசு காட்டிய வேகமெல்லாம் மரபணுவுக்கு டெல்லியின் பெயரை (‘என்டி’ என்பது நியூ டெல்லி) வைத்ததற்கான கண்டனத்தில் செலவானது. சாக்கடையைச் சுத்தம்செய்வதில் அந்த வேகம் இல்லை.

2013இல், வடதுருவத்துக்கு அருகில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், கொங்ஸ்ஃபியோர்டன் பகுதியின் எட்டு இடங்களில் மண் எடுத்தார்கள். இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இருப்பதும் அந்தக் கடற்கரையில்தான். பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரஹாம் குழு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த மண்ணில் 131 வகை எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. மண் மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் என்டிஎம்-1 இருந்தது. வலசை போகும் பறவைகள், விலங்குகள், வந்துபோகும் மனிதர்கள் ஆகியோரின் கழிவு வழியாக அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

முதன்முதலில் தெரியவந்ததிலிருந்து ஐந்தே ஆண்டுகள், துருவத்தை எட்டிவிட்டது.

நம் வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் உலோகக் கழிவுக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு குவிக்கப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீராக அது கசிவதை அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளிலிருந்து பாலாற்றில் கலந்த கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக, அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 29 ஆண்டுகளில் நாம் நகர்ந்த தூரம் அவ்வளவுதான்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையிலிருந்து சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணில் கலந்ததை எந்த அளவுக்குச் சுத்தம்செய்வது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தொழிலாளர்களின் உடல்நலமும் சோலைக்காடும் மீனும் அந்த விவாதத்தின் மையத்தில் இருந்தது நியாயமே. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் எந்தெந்த மருந்துகளை எதிர்க்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். குளிர், பாதரசம், மழையோடு கீழிறங்கும் ஓடைகள் என மூன்றும் கூடிய இடம் அது.

இவற்றோடு, தோட்டப் பயிர்களுக்குத் தெளிக்கும், செம்பு அடங்கிய மயில்துத்தம், கோழித் தீவனத்துக் கனிமக் கலவை, நகரச் சாக்கடையில் கலக்கும் மருத்துவமனைக் கழிவுநீர் என்று பட்டியல் நீள்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். மருந்தும் உலோகமும் மலக்கிருமியும் ஒரே வாய்க்காலில் சந்திக்கும் இடத்தில்தான் மரபணு வளையங்கள் கைமாறுகின்றன. நம் ஊர்களில் அப்படிப்பட்ட வாய்க்கால்களுக்குக் குறைவே இல்லை.

என்ன செய்யலாம்?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளக்கிறது. மருந்தெதிர்ப்புக் கிருமிகள் எவ்வளவு என்றும் அளக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டிடமோ வெளிநாட்டுக் கருவியோ வேண்டாம். கார்பபெனெம் கலந்த வளர்ப்பூடகத் தட்டில் கழிவுநீரை இட்டு, மறுநாள் என்ன வளர்ந்திருக்கிறது என்று எண்ணுவது அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளுக்குக் கைவந்த கலை. வாரியத்துக்கும் அந்தத் துறைகளுக்கும் இடையே ஓர் அரசாணை போதும்.

தீவனப் பைகளில் செம்பும் துத்தநாகமும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடைசெய்தது நல்ல முடிவு. டென்மார்க் பன்றிகளின் அனுபவத்தைப் பார்த்தால், மருந்தை எடுத்துவிட்டு உலோகத்தை விட்டுவைப்பது பாதி வேலைதான்.

மருந்து ஆலைகளின் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வரம்புகளோடு ஒரு வரைவை வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகளைக் காணோம். ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிய பிறகும் இந்த நிலைமை. வரம்புகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பலாம்.

உலோகம் தாங்கும் பாக்டீரியாக்களை வைத்தே மாசுபட்ட மண்ணைச் சுத்தப்படுத்தலாம் என்ற யோசனை பல்கலைக்கழகங்களில் பிரபலம். ஆபத்தான வகைக் குரோமியத்தை, ஆபத்து குறைந்த வகையாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்மையிலேயே உண்டு. இது நல்ல வழிதான்; ஆனால், அப்படி ஒன்றை வயலில் விடுவதற்கு முன் அதனிடம் மருந்தெதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற விதி வேண்டும். ஒரு நோயைத் தீர்க்கப்போய் இன்னொன்றைத் தூவிவிடக் கூடாது. பனிக்குகை பாக்டீரியாக்களை ஆராய்வதற்கும் இதுவே பொருந்தும். ஸ்கரிஷோவரா பாக்டீரியா வேறு சில பிடிவாதக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. புதிய மருந்து அங்கிருந்தும் வரலாம். பயந்து ஒதுங்கினால் இழப்பு நமக்குத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. ஃபிரிட்ஜ் கிருமியின் வேகத்தைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. மீந்த குழம்பையும் கறியையும் ஓரிரு நாளுக்குள், கொதிக்கச் சூடாக்கிய பிறகே சாப்பிடுங்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கம் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். பயன்படுத்தாத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தைக் கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. நம் மாநகராட்சிகளும் தொடங்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24வரை மருந்தெதிர்ப்பு விழிப்புணர்வு வாரம். மாணவர் பேரணி, உறுதிமொழி, பதாகை எல்லாம் வழக்கம்போல் நடக்கும். இந்த முறை அவற்றோடு சேர்த்து, ஆம்பூர், வாணியம்பாடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் எத்தனை வகைக் கிருமிகள் எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்ற பரிசோதனை முடிவை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும்.